நிலாவுக்கு எப்படிங்க "புவி"யீர்ப்பு இருக்கும்? ஈர்ப்பு, எடை, கனம் பத்தி ஒரு சந்தேகம்

சொல்தேடி எழுதியது:

வணக்கம் எல்லாருக்கும். நேத்து என் பொண்ணு, எட்டாவது படிக்கிறா, ஏதோ ஒரு வீடியோ பாத்துட்டு வந்து கேட்டா, "நிலாவோட புவியீர்ப்பு விசை பூமியில இருக்கிறதுல ஆறுல ஒரு பங்குதான்னு சொல்றாங்கப்பா, புவின்னா பூமி தானே, அப்போ நிலாவுக்கு எப்படி புவியீர்ப்பு இருக்கும்"னு. எனக்கு சட்டுனு பதில் வரல. நான் மொழிபெயர்ப்பு வேலை பாக்கிறவன், இந்த வார்த்தைய எத்தனையோ தடவை யோசிக்காமலே எழுதியிருக்கேன், அதனால இது ராத்திரி பூரா மண்டைக்குள்ள ஓடிட்டே இருந்துச்சு. யோசிக்க யோசிக்க இன்னும் ரெண்டு சந்தேகம் கூட வந்துச்சு. ஈர்ப்புன்னா இழுக்கிறதுன்னு அர்த்தம், அவங்க மேல ஒரு ஈர்ப்பு வந்துச்சுன்னு மனுஷங்களப் பத்தியும் சொல்றோம், இந்த ரெண்டு ஈர்ப்புக்கும் பேர் தவிர வேற ஏதாவது தொடர்பு இருக்கா? அப்புறம் உடம்புல நாம உணர்ற "கனம்" இருக்கே, அதுதான் ஈர்ப்பா? இயற்பியல் தெரிஞ்சவங்க கொஞ்சம் பொறுமையா சொல்லுங்க, அவளுக்கு நாளைக்குள்ள பதில் சொல்றேன்னு வாக்கு குடுத்திருக்கேன்.

வால்வெள்ளி எழுதியது:

பொண்ணு கேட்டது நூத்துக்கு நூறு சரி. நிலாவோட ஈர்ப்புன்னு சொன்னா போதும். பூமியோட தரையில விழுற பொருளுக்கு முடுக்கம், அதாவது வேகம் கூடுற அளவு, சுமார் 9.8, நிலாவுல சுமார் 1.6 (மீட்டர், வினாடிக்கு வினாடி கணக்குல), அதான் அந்த ஆறுல ஒரு பங்கு. செய்தியிலயும் சரி வீடியோலயும் சரி "செவ்வாயின் புவியீர்ப்பு", "வியாழனின் புவியீர்ப்பு"ன்னு தாராளமா எழுதுறாங்க, பாக்கறப்பல்லாம் எனக்கு பல்லுல கல்லு கடிச்ச மாதிரி இருக்கும்.

ஊசல் எழுதியது:

சொல்தேடி சார், நான் பதினாலு வருஷமா ஸ்கூல்ல இயற்பியல் சொல்லிக் குடுக்கிறேன், உங்க பொண்ணு கேட்ட கேள்வி சின்னதா தெரியலாம், ஆனா மொத்த கதையும் அதுக்குள்ளதான் இருக்குன்னு நான் நினைக்கிறேன், அதனால கொஞ்சம் நீளமா எழுதுறேன்.

நியூட்டனுக்கு முன்னாடி ரொம்ப காலம் அறிஞர்கள் மத்தியில நிலைச்சிருந்தது அரிஸ்டாட்டில் சொன்ன விளக்கம். அதுல இழுக்கிறதுங்கிற பேச்சே கிடையாது. கல்லுக்கு கனம் இருக்கு, கனமான பொருளோட சொந்த இடம் அண்டத்தோட நடு, அதனால அது தானா அங்க போகுது, அவ்ளோதான். நெருப்பு லேசானது, அதோட இடம் மேல, அதனால அது மேல போகுது. நிலாவும் கிரகமும் இந்த கணக்குலயே வராது, அது வேற பொருளால ஆனது, வட்டமா சுத்துறதுதான் அதோட இயல்புன்னு தனியா வச்சிருந்தாங்க. அதாவது கீழ இருக்கிற உலகத்துக்கு ஒரு சட்டம், மேல இருக்கிற உலகத்துக்கு வேற ஒரு சட்டம்.

நியூட்டன் என்ன பண்ணார்னா நிலாவும் விழுந்துட்டுதான் இருக்குன்னு கணக்கு போட்டு காட்டினார். நம்ம கையில இருந்து விட்ட கல்லு முதல் வினாடியில சுமார் 4.9 மீட்டர் விழும். நிலா பூமியோட மையத்துல இருந்து, பூமியோட ஆரத்தைப் போல சுமார் 60 மடங்கு தூரத்துல இருக்கு. தூரம் 60 மடங்குன்னா இழுப்பு 60 பெருக்கல் 60, அதாவது 3600-ல ஒரு பங்காயிடும், அப்போ நிலா ஒரு வினாடியில நேர்கோட்டுல இருந்து பூமிப் பக்கமா விலகுறது 4.9 மீட்டர வகுத்தல் 3600, ஒண்ணரை மில்லிமீட்டர் கூட வராது. நிலா உண்மையில சுத்துற பாதைய வச்சு தனியா கணக்கு போட்டாலும் அதே அளவுதான் வருது. பக்கவாட்டுல ஓடிட்டே விழுறதால அது நம்ம மேல வந்து விழாம சுத்திட்டே இருக்கு.

1687-ல வந்த அவரோட பிரின்சிப்பியா நூலோட மையமே இதுதான், கல்லை இழுக்கிறதும் நிலாவை இழுக்கிறதும் ஒண்ணு, பூமிக்கு மட்டும் சொந்தமான குணம் இல்ல, எந்த ரெண்டு பொருளுக்கு நடுவிலயும் இருக்கு. தமிழ்ல சொல்லணும்னா அவர் செஞ்ச வேலையே புவியீர்ப்புங்கிற சொல்லுல இருந்து "புவி"ய வெட்டினதுதான். நாம நிலாவோட புவியீர்ப்புன்னு எழுதுறப்ப அவர் வெட்டினத திரும்ப எடுத்து ஒட்டுறோம்.

தூக்குக்குண்டு எழுதியது:

நான் கட்டட வேலை சூப்பர்வைசர், படிப்பு அவ்வளவா இல்ல ஆனா இந்த விஷயம் தினமும் கையில புழங்குறது. சுவர் நேரா நிக்குதான்னு பாக்க தூக்குக்குண்டு விடுவோம், தரை மட்டமான்னு பாக்க ரசமட்டம் வைப்போம், ரெண்டுமே ஈர்ப்ப நம்பித்தான் இருக்கு. எங்களுக்கு "கீழே"ன்னா குண்டு காட்டுற பக்கம், வேற அர்த்தம் கிடையாது. ஒரு விஷயம் கேள்விப்பட்டு ஆச்சரியப்பட்டேன், நியூயார்க்ல வெரசானோ நேரோஸ்னு ஒரு தொங்கு பாலம், ரெண்டு கோபுரமும் குண்டு பிடிச்ச மாதிரி செங்குத்தா இருக்கு, ஆனா அடியில இருக்கிற இடைவெளிய விட உச்சியில 41 மில்லிமீட்டர் அதிகமாம், பூமி உருண்டைங்கிறதால. ஒவ்வொரு கோபுரத்துக்கும் கீழேங்கிறது வேற வேற திசை. என் கேள்வி என்னன்னா குண்டு சரியா பூமியோட நடு மையத்த காட்டுதா?

ஊசல் எழுதியது:

அருமையான கேள்வி அண்ணே. சரியா காட்டாது, கொஞ்சம் விலகும். பூமி சுத்திட்டு இருக்கு, அந்த சுழற்சி குண்டை நிலநடுக்கோட்டுப் பக்கமா லேசா ஒதுக்கும், பூமியே கூட சுழற்சியால நடுவுல கொஞ்சம் பருத்துதான் இருக்கு. அதனால விழுற முடுக்கம் நிலநடுக்கோட்டுல 9.78, துருவத்துல 9.83. 1672-ல ழான் ரிஷே-ங்கிற பிரெஞ்சு வானியலாளர் பாரிஸ்ல இருந்து நிலநடுக்கோட்டுக்கு பக்கத்துல இருக்கிற கயென்-னுக்கு ஊசல் கடிகாரம் எடுத்துட்டு போனார், அது ஒரு நாளைக்கு சுமார் ரெண்டரை நிமிஷம் மெதுவா ஓடுச்சு, ஊசலோட நீளத்த குறைச்சுதான் சரி பண்ணார். என் பேருக்கு காரணமே அந்த கடிகாரம்தான்.

ஆங்கிலத்துல இதுக்கு ரெண்டு வார்த்தை வச்சிருக்காங்க, பொருளுக்கும் பொருளுக்கும் நடுவுல உள்ள சுத்தமான இழுப்புக்கு கிராவிட்டேஷன், சுழற்சியையும் சேத்து தரையில நாம அனுபவிக்கிறதுக்கு கிராவிட்டி. பொதுப் பேச்சுல அவங்களும் கலந்துதான் பேசுறாங்க, நில அளவை, புவி இயற்பியல் ஆளுங்க கண்டிப்பா பிரிப்பாங்க. தமிழ்ல முதலாவதுக்கு ஈர்ப்பு, ரெண்டாவதுக்கு புவியீர்ப்புன்னு வச்சுக்கிட்டா அழகா பொருந்தும்னு எனக்கு படுது.

அண்ணே, உங்க குண்டு இன்னொரு பெரிய வேலையும் பாத்திருக்கு. 1774-ல மஸ்கலைன்னு ஒரு வானியலாளர் ஸ்காட்லாந்துல ஷிஹாலியன்ங்கிற மலையோட ரெண்டு பக்கமும் குண்டு விட்டுப் பாத்தார், மலை குண்டை தன் பக்கம் இழுத்து சாய்ச்சது. ரொம்ப ரொம்ப சின்ன சாய்வு, நட்சத்திரங்கள வச்சுதான் அளக்க முடிஞ்சுது. பூமி மட்டும் இழுக்கல, ஒரு மலையும் இழுக்குதுன்னு அளந்து காட்டினது உங்க தொழிலோட கருவி.

தூக்குக்குண்டு எழுதியது:

இது தெரியாமலே இத்தனை வருஷம் கையில பிடிச்சிட்டு இருந்திருக்கேன். நன்றி சார்.

நள்ளிரவு எழுதியது:

எல்லாரும் நியூட்டன் நியூட்டன்னு சொல்றீங்க, 12-ஆம் நூற்றாண்டுலயே பாஸ்கரர்ங்கிற வானியல் அறிஞர் சித்தாந்த சிரோமணிங்கிற நூல்ல பூமிக்கு இழுக்கிற சக்தி இருக்கு, அதனாலதான் பொருள் விழுதுன்னு எழுதி வச்சிருக்கார், அத யாருமே சொல்ல மாட்டேங்கிறீங்க.

வால்வெள்ளி எழுதியது:

நள்ளிரவு, அது உண்மைதான், 1150 வாக்குல எழுதினது, ஆகிருஷ்டி சக்திங்கிற சொல்லே அதுல இருக்கு. பழைய தமிழ்ப் புத்தகங்கள்ல "ஆகர்ஷண சக்தி"ன்னு படிச்சிருப்பீங்களே, அதுவும் அதே வேர்தான். பொருள் தன் இடத்துக்கு தானா போகல, பூமி இழுக்குதுன்னு சொன்னது பெரிய பார்வை மாற்றம், அதுக்கு உண்டான மரியாதைய குடுக்கத்தான் வேணும். ஆனா அங்க இழுக்கிறது பூமி மட்டும்தான். மேல ஊசல் சார் சொன்னத பாருங்க, கல்லும் நிலாவும் ஒரே விசைக்கு கட்டுப்பட்டது, தூரத்துக்கு ஏத்த மாதிரி இவ்ளோ குறையும்னு அளவோட சொன்னது 1687-லதான். அது புவியீர்ப்பு, இது ஈர்ப்பு. ரெண்டு பேரையும் போட்டி போட வைக்காம ரெண்டையும் படிக்கலாம்.

பனித்துளி எழுதியது:

நான் இலங்கையில படிச்சனான். இங்க நீங்கள் எல்லாரும் ஈர்ப்பு, எடை எண்டு கதைக்கிறதைப் பாக்க எனக்கு ஒரு விசயம் சொல்லவேணும் போல கிடக்கு. எங்கட புத்தகத்தில ஒரு பொருளில எவ்வளவு சடப்பொருள் இருக்கு எண்டதுக்குப் பேர் திணிவு, அதைப் பூமி இழுக்கிற விசைக்குப் பேர் நிறை. தமிழ்நாட்டுப் புத்தகத்தில முதலாவதுக்குப் பேர் நிறை, ரெண்டாவதுக்கு எடை. அதாவது ஒரே சொல்லு, "நிறை", கடலுக்கு இந்தப் பக்கம் ஒரு பொருள், அந்தப் பக்கம் மற்றப் பொருள். நான் முதன்முதலா ஒரு தமிழ்நாட்டுப் பாடக் காணொளி பாத்தபோது "நிலாவுக்குப் போனாலும் நிறை மாறாது" எண்டு சொல்லிச்சினம், நான் பிழையாச் சொல்லினம் எண்டே நினைச்சிட்டன். எங்களுக்கு நிலாவில மாறுறதே நிறைதான். முடுக்கத்துக்கு நாங்கள் ஆர்முடுகல் எண்டுறது. காந்தம் இழுத்தால் கவர்ச்சி, தள்ளினால் தள்ளுகை. ஆனா "ஈர்ப்பு" மட்டும் ரெண்டு பக்கமும் ஒண்டுதான், அது எனக்குச் சந்தோசம்.

ஊசல் எழுதியது:

பனித்துளி, இது நிஜமாவே எனக்கு புதுசு, ரொம்ப நன்றி. இந்த குழப்பம் நம்ம மொழிக்கு மட்டும் இல்ல. எடைன்னு சொன்னா எதன்னு உலகம் பூரா குழப்பம் இருந்ததாலதான் 1901-ல எடைகள் அளவைகள் பத்தின சர்வதேச மாநாட்டுல உக்காந்து தீர்மானம் போட்டாங்க, கிலோகிராம்ங்கிறது பொருளோட அளவுக்கான அலகு, எடைங்கிறது ஒரு விசை, அதுக்கான பொது முடுக்கம் 9.80665-ன்னு. தீர்மானம் போட்டு நூறு வருஷத்துக்கு மேல ஆச்சு, இன்னமும் எடை எவ்வளவுன்னு கேட்டா எல்லாரும் கிலோவுலதான் சொல்றோம். பேச்சுல அது தப்புன்னு நான் சொல்ல மாட்டேன். பரீட்சையில நியூட்டன் கணக்குல கேட்டா மட்டும் பசங்க கவனமா இருக்கணும்.

சொல்தேடி எழுதியது:

இவ்வளவு வரும்னு நான் எதிர்பாக்கல. இப்போ எனக்கு தெரிஞ்ச பக்கத்துல இருந்து ஒண்ணு சொல்றேன். கிராவிட்டிங்கிற வார்த்தை லத்தீன் கிராவிடாஸ்-ல இருந்து வந்தது, அதுக்கு அர்த்தம் இழுக்கிறது இல்ல, கனம். அதே வார்த்தைக்கு ஒரு மனுஷனோட கம்பீரம், பேச்சோட ஆழம்ங்கிற அர்த்தமும் இருந்துச்சு, இன்னிக்கும் நிலைமையோட கிராவிட்டின்னு சொன்னா அதோட தீவிரம்தான். சமஸ்கிருத "குரு"வும் இதுக்கு ஒண்ணுவிட்ட சொந்தம், ஒரே மூலத்துல இருந்து வந்த சொல்லு, குருன்னா முதல் அர்த்தம் கனமானது, அதுல இருந்துதான் மதிப்புக்குரியவர், ஆசிரியர்னு வந்துச்சு.

இப்போ தமிழ பாருங்க, எந்த சொந்தமும் இல்லாம நம்ம பேச்சும் அதே வழியிலதான் நடந்திருக்கு. கோர்ட்ல "கனம் நீதிபதி அவர்களே". மதிப்பான ஆளா இருந்தா "வெயிட்டான ஆளு". ஒருத்தர பத்தி முடிவு பண்றது "எடை போடுறது". துக்கம் வந்தா மனசு கனக்குது, அழுது முடிச்சா லேசாயிடுது, பாரம் இறங்குச்சுங்கிறோம். தலைக்கனம்னா மட்டும் கனம் இருக்கக்கூடாத இடத்துல இருக்குன்னு அர்த்தம். கனம்ங்கிறது உடம்பு நேரா உணர்ற விஷயம், அதனாலதான் மொழி அத எடுத்து மனசுக்கும் மரியாதைக்கும் பயன்படுத்தியிருக்குன்னு நினைக்கிறேன்.

ஆனா ஈர்ப்பு அப்படி இல்ல. அது உணர்வோட பேர் இல்ல, ஒரு விளக்கத்தோட பேர். ஏதோ ஒண்ணு இழுக்குதுன்னு அந்த சொல்லே முடிவு பண்ணிடுது. இதுதான் எனக்கு இப்போ உறுத்துது. நான் நாற்காலியில உக்காந்திருக்கேன், யாரும் என்ன கீழ இழுக்கிற மாதிரி எனக்கு உணர்வே இல்லையே?

வால்வெள்ளி எழுதியது:

முதல்ல மனுஷங்களுக்கு நடுவுல உள்ள ஈர்ப்பு கேள்விய முடிச்சிடுவோம், அத யாரும் தொடல. ஆளுக்கு 60 கிலோ, ரெண்டு பேரும் ஒரு மீட்டர் தள்ளி நிக்கிறாங்கன்னு வச்சுக்கங்க, நியூட்டன் வாய்ப்பாட்டுல போட்டா அவங்களுக்கு நடுவுல இருக்கிற இழுப்பு ஒரு மில்லிகிராம்ல நாப்பதுல ஒரு பங்கு பொருளோட எடைக்கு சமம், அவ்ளோதான். இப்படிப்பட்ட சின்ன இழுப்பையும் 1798-ல கேவென்டிஷ்ங்கிற விஞ்ஞானி ஒரு மெல்லிய கம்பியில தொங்கவிட்ட ஈயக் குண்டுங்கள வச்சு அளந்துட்டார், அந்த பொறுமைய நினைச்சா கையெடுத்து கும்பிடலாம். பூமி இவ்ளோ பெருசா இருக்கிறதாலதான் நமக்கு ஈர்ப்பு பலமா தெரியுது, ஒரு சின்ன காந்தம் மொத்த பூமியையும் எதிர்த்து ஒரு குண்டூசிய தூக்கிடுதே. அப்புறம் ஈர்ப்புல விலக்கம் கிடையாது, எல்லாம் எல்லாத்தையும் இழுக்கும். மனுஷங்க ஈர்ப்பு அப்படி இல்ல, ஒரு பக்கம் மட்டும் இருக்கலாம், மாறியும் போகலாம். அதனால அங்க காந்தம்னு சொல்றதுதான் இன்னும் பொருத்தம்னு நினைக்கிறேன்.

ஊசல் எழுதியது:

சொல்தேடி சார், நீங்க கடைசியில கேட்டதுதான் ஐன்ஸ்டீனையும் தூங்கவிடாம பண்ணின விஷயம்னு சொல்லலாம். நாற்காலியில உக்காந்திருக்கிறப்ப நீங்க உணர்றது நாற்காலி உங்கள மேல தள்ளுறத. நிக்கிறப்ப உள்ளங்கால்ல தரை தள்ளுறத. இந்த தள்ளுதான் கனம். தரைய எடுத்துட்டா, அதாவது நீங்க விழுந்துட்டு இருந்தா, காத்த மறந்துட்டு பாத்தா, ஒண்ணுமே உணர மாட்டீங்க. 1907-ல சுவிட்சர்லாந்துல காப்புரிமை ஆபீஸ்ல வேலை பாத்துட்டு இருந்தப்ப அவருக்கு இது தோணுச்சு, விழுறவனுக்கு தன்னோட கனம் தெரியாதுன்னு. என் வாழ்க்கையிலயே சந்தோஷமான யோசனை அதுதான்னு அவரே பின்னாடி எழுதியிருக்கார்.

விண்வெளி நிலையத்துல மிதக்கிறவங்கள பாத்து அங்க ஈர்ப்பே இல்லன்னு நிறைய பேர் சொல்றாங்க, வருஷா வருஷம் என் கிளாஸ்லயும் வரும். 400 கிலோமீட்டர் உயரத்துல ஈர்ப்பு தரையில இருக்கிறதுல கிட்டத்தட்ட 89 சதவீதம் இருக்கு. அவங்க மிதக்கிறதுக்கு காரணம் நிலையமும் அவங்களும் ஒண்ணா சேந்து விழுந்துட்டே இருக்கிறதுதான், வினாடிக்கு சுமார் 7.7 கிலோமீட்டர் பக்கவாட்டு வேகத்துல. இல்லாம போனது ஈர்ப்பு இல்ல, தள்ளுறதுக்கு ஒரு தரை.

நியூட்டனுக்கே இழுக்கிறதுங்கிற வார்த்தையில நிம்மதி இல்ல. நடுவுல ஒண்ணுமே இல்லாம ஒரு பொருள் தூரத்துல இருக்கிற இன்னொரு பொருள இழுக்கும்ங்கிறது பெரிய அபத்தம்னு 1693-ல பென்ட்லிங்கிற பாதிரியாருக்கு எழுதின கடிதத்துல சொல்லியிருக்கார். 1713-ல வந்த பிரின்சிப்பியாவோட ரெண்டாம் பதிப்புல, இதுக்கு காரணத்த நான் கண்டுபிடிக்கல, ஊகமும் கட்ட மாட்டேன்னு எழுதினார். 1915-ல ஐன்ஸ்டீன் குடுத்த பதில், இழுப்பே வேண்டாம், பொருள் சுத்தி இருக்கிற காலவெளிய, அதாவது காலமும் வெளியும் ஒண்ணா சேந்தத, வளைக்குது, விழுற பொருள் அந்த வளைவுல தனக்கு இருக்கிறதுலயே நேரான பாதையில போகுது. அந்த பாதையில போகவிடாம தடுக்கிறது தரை. அப்படி பாத்தா கல்லு விழுறதுக்கு காரணம் தேட வேண்டியதில்ல, மேசை மேல இருக்கிற கல்லு ஏன் விழாம நிக்குதுங்கிறதுக்குத்தான் காரணம் தேடணும்.

வால்வெள்ளி எழுதியது:

சார், இதுல மட்டும் நான் உங்களோட முழுசா ஒத்துக்க மாட்டேன். விழுந்துட்டா எல்லாம் மறைஞ்சிடும்னா கடல் ஓதம் எப்படி வருது? பூமியும் நிலாவ நோக்கி விழுந்துட்டுதான் இருக்கு, உங்க கணக்குப்படி நிலாவோட ஈர்ப்ப பூமி உணரவே கூடாது. ஆனா ஒரு நாளைக்கு ரெண்டு தடவை கடல் ஏறி இறங்குது. அதனால ஈர்ப்புங்கிறது வெறும் தரையோட தள்ளுன்னு சொல்லிட முடியாது, பேரை மாத்தணும்னு யாராவது கிளம்பினா நான் எதிர்ப்பேன்.

ஊசல் எழுதியது:

சரியான இடத்துல பிடிச்சீங்க, நான் விட்டுட்டேன். விழும்போது மறையறது ஒரு புள்ளியில மட்டும்தான். பூமி அகலமானது, நிலாவுக்கு பக்கத்துல இருக்கிற பக்கம் கொஞ்சம் அதிகமா விழப்பாக்கும், எதிர்ப்பக்கம் கொஞ்சம் கம்மியா, இந்த வித்தியாசம் எவ்ளோ விழுந்தாலும் போகாது, ஓதம் அதுல இருந்துதான் வருது, அதனாலதான் ரெண்டு பக்கமும் தண்ணி ஏறுது. ஐன்ஸ்டீனோட வளைவுங்கிறதும் இந்த வித்தியாசம்தான். கனம்ங்கிறது தரையோட தள்ளு, ஈர்ப்புங்கிறது இந்த மறையாத மிச்சம், ரெண்டும் வேற வேறன்னு நான் திருத்திச் சொல்லிக்கிறேன். பேரை மாத்தணும்னு நானும் சொல்லல, நியூட்டன் கணக்கு நிலாவுக்கு போகவே போதுமானதா இருக்கிறப்ப ஈர்ப்புங்கிற சொல்லுக்கு என்ன குறை.

பனித்துளி எழுதியது:

இப்பத்தான் எனக்கே வடிவா விளங்குது. இதைப் பள்ளிக்கூடத்தில ஒருத்தரும் இப்பிடிச் சொல்லித் தரேல்லை.

சொல்தேடி எழுதியது:

ராத்திரி அவளுக்கு சொல்லிட்டேன். முதல் கேள்விக்கு நிலாவோட ஈர்ப்புன்னு சொல்லணும், நீ கேட்டது சரின்னு சொன்னதும் நோட்ல எழுதி அடிக்கோடு போட்டுக்கிட்டா. கனம்ங்கிறது தரையோட தள்ளுன்னு சொன்னத மட்டும் நம்பவே இல்ல. அதனால என் ஆண்ட்ராய்டு ஃபோன்ல சென்சார் காட்டுற ஒரு ஆப் போட்டு மேசை மேல மல்லாக்க வச்சோம், முடுக்கமானி 9.8 காட்டுச்சு, அதுவும் மேல் பக்கமா. ஃபோன் அசையவே இல்லையே, எதுக்கு முடுக்கம் காட்டுதுன்னு கேட்டா. அப்புறம் மெத்தைக்கு மேல அரை மீட்டர் உயரத்துல பிடிச்சு கைய விட்டேன், பதிவான கோட்ட பெருசு பண்ணி பாத்தோம், கையில இருந்த வரைக்கும் 9.8, விழுற அந்த கண நேரத்துல மட்டும் பூஜ்யத்த ஒட்டி படுத்துடுச்சு, மெத்தையில பட்ட உடனே மேல குத்திட்டு ஏறி திரும்ப 9.8-க்கு வந்து நின்னுச்சு. விழும்போதுதான் ஈர்ப்பு அதிகமா காட்டும்னு அவ நினைச்சிட்டு இருந்திருக்கா.

ஏழெட்டு தடவை அவளே போட்டு பாத்தா. ஒவ்வொரு தடவையும் அந்த பூஜ்யம் வந்துச்சு. கடைசியில "அப்போ இந்த ஃபோனுக்கு ஈர்ப்பே தெரியாதாப்பா, மேசையும் மெத்தையும்தான் தெரியுமா"ன்னு கேட்டா. ஆமான்னு சொன்னேன். சரியாத்தானே சொன்னேன் ஊசல் சார்?

ஊசல் எழுதியது:

சரியா சொன்னீங்க. அந்த கோட்டோட படம் இருந்தா இங்க போடுங்க சார், திங்கக்கிழமை என் கிளாஸ்ல காட்டணும்.